கைநாட்டு வைக்க மறுத்தவர்

எனக்கு மூக்கின் மேல் கோபம். என் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், பதிவு ஆபீஸ் வாசலில் டீ போடுகிறவரைக் கேட்டாலும் சொல்வார். நடந்ததில் பாதி அந்தக் கோபத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பழக்கதோஷத்தில் சொல்வது. நான் சொல்லச் சொல்ல ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். ஆனால் அடித்து முடித்ததை உரக்கப் படித்துக் காட்டுவது இன்றும் நான்தான். எங்கள் வரிசையில் பலர், இங்கே போடுங்கள், இங்கே போடுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நான் சர்வே எண்ணிலிருந்து நான்கெல்லை வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். நடுவில் யாராவது போன் பேசினால் நிறுத்திவிட்டு முறைப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அன்று புதன்கிழமை. தென்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள், மகளோடும் மருமகனோடும் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். விவசாயக் குடும்பம், கணவர் இறந்துவிட்டார். வீட்டை ஒட்டிய மனையில் பாதியை மகள் பேருக்குத் தானமாக எழுதிவைக்க வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். பதிவு ஆபீசில் பதினொன்றரைக்கு டோக்கன். பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று மருமகன் வந்ததிலிருந்து சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படிக்கத் தெரியாதவர்கள் கேட்கிற விதமே தனி. காகிதத்தைப் பார்க்கிற வேலை இல்லாததால் காது முழுக்க நம்மிடம் இருக்கும். நான்கெல்லைக்கு வந்தேன். கிழக்கே ஏரி வாய்க்கால் என்று காகிதத்தில் இருந்தது. மேற்கே வாய்க்கால் என்று நான் படித்தேனாம். அவர் கண்ணைத் திறந்து, வாய்க்கால் கிழக்கே அல்லவா இருக்கிறது என்றார். அப்படித்தானே படித்தேன் என்றேன். இல்லை என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருடத்தில் என் வாசிப்பில் குற்றம் சொன்ன முதல் ஆள் அவர். இன்னொரு முறை அழுத்தந்திருத்தமாகப் படித்தேன். என் காதுக்குச் சரியாகவே கேட்டது. ஆனால் கம்ப்யூட்டர் பெண் வேலையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்ல வந்த வார்த்தை வரவில்லை. வேறு என்னவோ வந்தது. நாற்காலி, நாற்காலி என்று இரண்டு தரம் சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். எதற்கு நாற்காலி என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் இன்றுவரை தெரியாது. கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது. எடுக்கப் போனேன். வலது கை யாருடையதோ போல் கிடந்தது. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. உள்ளே நான் முழுசாக இருந்தேன். கோபம்கூட முழுசாக இருந்தது. அது வெளியே வருகிற வழி மட்டும் அடைத்துவிட்டது.

மருமகன் சோடா வாங்க ஓடினார். மகள் பத்திரக் காகிதத்தாலேயே எனக்கு விசிறினாள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். பேனாவை எடுத்துப் பார்த்தேன். கை எடுத்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றே வந்தது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. பித்தம் என்றார் ஒருவர், காலையில் சாப்பிடாதது என்றார் இன்னொருவர், வெயிலின் மேல் பழியைப் போட்டேன் நான். மணி பதினொன்று இருபது. டோக்கன் தப்பவில்லை. நான்கெல்லையை மறுபடி படித்தேன், ஒரு தடங்கல் இல்லை. மை டப்பாவைத் திறந்து அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினேன்.

அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் கைநாட்டு வெக்க மாட்டேன் ரைட்டரே. நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நடங்க.”

பதிவை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். முடியாது என்றார். எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் டாக்டரா என்று கேட்டேன். மருமகன் கெஞ்சினார், ராகுகாலம் வந்துவிடும் என்றார், இந்த மாதத்தில் இதைவிட நல்ல நாள் கிடையாது என்றார். அந்த அம்மாள் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். கடைசி ஆயுதமாக நானும் ராகுகாலத்தைக் கையில் எடுத்தேன். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, ஒன்றரைக்கு மேல் கிளம்பலாம் என்றேன். அதற்கு இன்னும் அரைமணி இருக்கிறது, அதற்குள் போய்ச் சேரலாம், ஏறுங்கள் என்றார். ஏறினேன். பயந்து ஏறவில்லை. அவர் கட்டை விரல் இல்லாமல் அந்தப் பத்திரம் நகராது என்று ஏறினேன்.

ஆட்டோவில்தான் காரணத்தைச் சொன்னார். அவர் கணவருக்கும் இப்படித்தான் ஒருநாள் கை வராமல் போய், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டதாம். சரியாகிவிட்டதே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலாம் நாள் ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் விழுந்தார். அதன் பிறகு பேச்சு இல்லை. பதினொரு மாதம் படுக்கை, அப்புறம் போய்விட்டார். இதையெல்லாம் அவர் அழாமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சீக்கிரம் போகச் சொல்லி ஆட்டோக்காரரை அப்போதுதான் நானே அவசரப்படுத்தினேன்.

எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. என்னால் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே பைக்கில் முணுமுணுத்துக்கொண்டு வந்த மருமகன், பதினொன்று எட்டுக்கு ஆரம்பித்தது, இருபதுக்குத் தெளிந்தது என்றார். ராகுகாலத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர். இவ்வளவு சரியாக நேரம் சொல்பவர்கள் அபூர்வம் என்று டாக்டர் அவரைப் பாராட்டினார். மருமகனுக்கு அதன் பிறகு என் மேல் இருந்த வருத்தம் பாதி குறைந்துவிட்டது.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. பிரஷர் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. மூளைக்குப் போகிற குழாயில் ஒரு ரத்தக்கட்டி சிக்கி, தானாகக் கரைந்திருக்கிறது, இதை மினி ஸ்ட்ரோக் என்பார்கள் என்று டாக்டர் விளக்கினார். சின்னது என்பது பேரில்தான், பெரியது வருவதற்கு முன்னால் வருகிற நோட்டீஸ் இது, முதல் சில நாட்கள்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். நோட்டீஸ் வந்தால் உரிய காலத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். வாயை மூடிக்கொண்டு அவர் சொன்ன இடத்தில் படுத்தேன். மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பும்போது, இனி ஓபியில் வந்து பார்த்தால் போதும், ஆனால் வராமல் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஓபி என்றால் எனக்கு அதுவரை ஒரே அர்த்தம்தான். சீட்டு வாங்கி, பெஞ்சில் காத்து, மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வருவது. இது அப்படி இல்லை. கழுத்துக் குழாயை ஸ்கேன் செய்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை மூன்று வாரத்துக்கு, பிறகு ஒன்று மட்டும் ஆயுசுக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஒரு பரீட்சை. கண்ணை மூடி இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். ஏதாவது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சிரிக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். சிரிப்பு எனக்குச் சரளமாக வருகிற சமாச்சாரம் இல்லை. சிஸ்டர் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“அது நோவு இல்ல சிஸ்டர். அவரு மொகமே அப்படித்தான்.”

அந்த அறையில் அன்று என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்தேன். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று சிஸ்டர் எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அந்த அம்மாளின் கணவர் விழுந்தது நாலாம் நாள் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தாலும் திக்கென்றது. செவிலிமேட்டில் எங்கள் வீட்டில், மனைவி சமையலறையிலிருந்தபடியே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, வீட்டு நான்கெல்லை சொல்லுங்கள் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் வடக்கே இன்னார் வீடு, தெற்கே ரோடு என்று கத்திக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ. பத்து மணிக்குச் சிஸ்டர் போன் செய்து, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்று சொன்ன என் குரலில் என்ன கேட்டதோ, பயமாக இருந்தால் வந்துவிட்டுப் போங்கள் என்றார். இன்று ஓபி நாள் இல்லையே என்றேன். பரவாயில்லை என்றார்.

டவுன் பஸ் பிடித்துப் போனோம். பிரஷர் இறங்கியிருந்தது, கை நேராக நின்றது, பேச்சு தெளிவாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கு ஓடி வந்தாயே என்று யாரும் முறைக்கவில்லை. சந்தேகம் வந்தால் மறுபடியும் இப்படியே உடனே வாருங்கள், கை கால் வரவில்லையென்றால் பஸ் எல்லாம் பிடிக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் சொன்னார். தெரியாமல் கேள்வி கேட்டவர்களை நான் என் மேசையில் எப்படி நடத்தியிருக்கிறேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

அப்படி யோசித்த நானே அந்தச் சிஸ்டரிடம் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். புகை பிடிப்பீர்களா என்று முதல் நாளே கேட்டார்கள். இல்லை என்றேன். அது சத்தியம். பீடி, சிகரெட் தொட்டது இல்லை. மூக்குப்பொடி போடுவேன், அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது பத்திரம் எழுதி வந்த புத்தி. மூன்றாம் தடவை போனபோது தும்மல் வந்து கைக்குட்டையை எடுத்தேன். அதன் பழுப்புக் கறையைச் சிஸ்டர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் என் அட்டையை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இதுவும் புகையிலைதான் ஐயா, இதை விடாமல் எங்கள் மாத்திரை மட்டும் எவ்வளவு செய்யும் என்று கேட்டார். அவ்வளவுதான். பொடி டப்பாவை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த பதினைந்து நாள் என்னோடு இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு வைத்தியம் தேவைப்பட்டிருக்கும். எலுமிச்சை ஊறுகாயும் போய், உப்பும் குறைந்து, பொடியும் இல்லாமல் நான் எரிந்து விழுந்ததை என் மனைவி எப்படித் தாங்கினாள் என்று தெரியவில்லை. அவளுக்கு நான் பட்ட கடன் அந்த ஆஸ்பத்திரிக்குப் பட்டதற்குக் குறைந்தது அல்ல.

மூன்று வாரம் கழித்து மேசைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பத்திரம் அதுவரை அப்படியே கிடந்தது. வேறு ஆளிடம் கொடுத்து முடித்துவிடலாம் என்று மருமகன் சொல்லிப் பார்த்திருக்கிறார். ரைட்டர் வந்து படிக்கட்டும், அப்போது வைக்கிறேன் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவையும் புதன்கிழமைதான் டோக்கன் கிடைத்தது. அதே நேரம், அதே ஆட்கள். எனக்குப் படிக்கப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். கிழக்கே என்ற இடத்தில் நிறுத்தி அந்த அம்மாளைப் பார்த்தேன். மூடிய கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். மேலே படித்தேன். முடிந்ததும் கட்டை விரலை மையில் உருட்டி, பக்கம் பக்கமாக வைத்துக்கொடுத்தார். பதிவும் முடிந்தது.

மகளும் மருமகனும் நகல் எடுக்கப் போயிருந்தார்கள். அவர் என் அறை பெஞ்சில் உட்கார்ந்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத் தெரியாதவன் நான். சுற்றி வளைத்து ஏதேதோ பேசினேன். பிறகு, உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் தடவை கை வராமல் போனது வயலிலா, வீட்டிலா என்று கேட்டேன்.

“இங்கதான் ரைட்டரே. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்போ, இதே பெஞ்சுல நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன். கையெழுத்து போடப் போனாரு, பேனா புடிக்க வரல. நீங்கதான் பரவாயில்ல, நேரமாவுதுன்னு மை டப்பாவ நவுத்தி வெச்சீங்க.”

எழுதுகிற ஒவ்வொரு பத்திரத்துக்கும் நோட்டில் குறிப்பு வைப்பவன் நான். அவர் சொன்ன வருடத்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். பாகப்பிரிவினைப் பத்திரம், சகோதரர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கையெழுத்து, ஒருவர் இடது பெருவிரல் ரேகை. எழுதியிருந்தது என் கையெழுத்து. அதைப் பார்த்ததும் ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். உயரமான மனிதர். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் கைநாட்டு வைப்பதா என்று கூச்சப்பட்டார். இன்றைக்கு ஒருநாள் வைத்தால் படித்ததெல்லாம் மறந்துவிடாது என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நேராக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய மையை என் மேசைத் துணியாலேயே துடைத்துவிட்டேன். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் முடித்துக்கொடுத்தேன் என்று அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது.

நோட்டை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளே கையை நீட்டி அதை மூடினார். உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, தெரிந்தா செய்தோம் என்றார். அதற்கப்புறமும் என்னிடம் ஏன் வந்தீர்கள் என்றதற்கு, நீங்கள் ஒருவர்தான் முழுசாகப் படித்துக் காட்டுகிறீர்கள், எனக்குக் காதுதானே கண் என்றார்.

இப்போதெல்லாம் என் மேசையில் யாருக்காவது பேனா நழுவினாலோ, கையெழுத்து கோணினாலோ, மை டப்பாவை எடுத்து டிராயருக்குள் வைத்துவிடுகிறேன். இரண்டு கைகளையும் நீட்டுங்கள், சிரியுங்கள், உங்கள் ஊர் பேரைச் சொல்லுங்கள் என்கிறேன். ரைட்டருக்கு நோய் வந்ததிலிருந்து கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். பாதிப் பேருக்கு வயதுதான் காரணம், கண்ணாடி மாற்றினால் சரியாகிறது. ஒரே ஒருவரை மட்டும் டோக்கனை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அவரும் இன்று ஓபிக்கு நடந்துதான் வருகிறார். சிஸ்டர் அவரையும் சிரிக்கச் சொல்கிறார்.

அன்று அந்த அம்மாள் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன். ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னீர்களே, அது என் மேசையில் நடந்தது என்பதை ஏன் சொல்லவில்லை?

“சொல்லியிருந்தா நீங்க என்னாண்ட சண்டைக்கு நின்னுக்கினு இருந்திருப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் போயிருக்கும்.”

உண்மைதான். நின்றிருப்பேன்.